பழுதாகாத எடை இயந்திரத்துக்கு நாற்பத்து மூன்று பழுதுச் சீட்டு எழுதியவருக்கு

எடை மேசையின் ஏந்தலே! முப்பத்து மூன்று ஆண்டுகள் முறை தவறாது முதலில் வந்து முடிவில் கிளம்பிய முதுபெரும் செவிலியே! குழந்தை அழுதால் குனிந்தும், முதியவர் தடுமாறினால் கை தந்தும், மேலதிகாரி அதட்டினால் காது மந்தமானது போல நின்றும் கடமையாற்றிய கண்ணியமே! பழுதே ஆகாத இயந்திரத்தைப் பழுது பழுதென்று பலமுறை பறைசாற்றிய பெருந்தகையே! அன்பும் அதில் கொஞ்சம் அச்சமும் கலந்த எங்கள் வணக்கம்.

கடைசி அடைமொழியைக் கேட்டதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். முன்வரிசையில் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். பாராட்டு மடலில் பாராட்டு மட்டும்தான் இருக்க வேண்டும், பழைய வம்பையெல்லாம் கிளறக் கூடாது என்று எங்களில் சிலர் மல்லுக்கு நின்றார்கள். ஆனால் இம்மடலில் வரும் நாளும் நேரமும் நாங்கள் இட்டுக்கட்டியவை அல்ல. உங்கள்மீது எழுதப்பட்ட ஒன்பது பக்கப் புகார் ஒன்றிலிருந்து எடுத்தவை. எழுதியவர் நம் பண்டகக் காப்பாளர். அது மேலிடம் போயிருந்தால், ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கையில் உங்களைப் பணியிடை நீக்கம் செய்திருப்பார்கள்; இன்று இந்தக் கூடத்தில் பிரிவு விழாவுக்குப் பதில் விசாரணை நடந்திருக்கும். விழாக் குழு கூடிய அன்று அவரே கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"தேதி, நேரம் எல்லாம் சரியா இருக்கு. அடைமொழியை மட்டும் மாத்திக்குங்க," என்றார்.

மாற்றியிருக்கிறோம். முதல் பக்கத்தில் 'வஞ்சக' என்றிருந்த இடத்தில் 'கண்ணிய' என்று வந்திருக்கிறது.

ஐயத்துக்கு இலக்கான அம்மையே! நம் பண்டகக் காப்பாளரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்று அழைப்பது அவருக்கும் தெரியும். பஞ்சுச் சுருள் வழக்கத்தைவிட இரண்டு நாள் முன்னால் தீர்ந்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கையுறைப் பெட்டி கேட்டுப் போனால் பழைய பெட்டியின் அட்டையைக் காட்டச் சொல்வார். மனிதர் கெட்டவர் அல்ல. யாரும் தம்மிடம் முழு உண்மையைச் சொல்வதில்லை என்று உறுதியாக நம்புகிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் கையில் இரண்டு ஆண்டுகளில் ஒரே கருவிக்கு நாற்பத்து மூன்று பழுதுச் சீட்டுகள் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

அந்தக் கருவிக்கு நம் மருத்துவமனையில் இருந்த இடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநோயாளர் கூடத்தின் நட்டநடுவில் அது நின்றது. வருகிறவர் முதலில் அதன்மேல் ஏறுவார். எடையை உரக்கச் சொல்வோம். அந்தக் கோடியில் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் பதிவு எழுத்தர் அதைச் சீட்டின் முதல் வரியில் எழுதுவார். இடையில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எண் மூன்று இலக்கத்தைத் தொட்டால் மருந்தகச் சன்னலில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். உள்ளே போனால் டாக்டர் முதல் வரியைப் பார்ப்பார். அதற்கென்றே ஒரு முத்திரை இருந்தது. 'எடை குறைக்கவும்' என்று அழகான எழுத்தில். தினம் எழுதிக் கை வலிக்கிறது என்று டாக்டர்கள் கேட்டதால், பூதக்கண்ணாடிதான் அதைச் செய்து வாங்கிக் கொடுத்தார். தலைவலி என்று வந்தாலும், தோல் அரிப்பு என்று வந்தாலும், முதல் வரி கனமாக இருந்தால் அந்த முத்திரை விழும். "வாயைக் கட்ட மாட்டாங்க, நம்ம உயிரை வாங்குவாங்க," என்று நாங்கள் தேநீர் வேளையில் பேசிக்கொள்வோம். படித்தவர்கள்தாம் நாங்கள் எல்லோரும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எடை மேசைக்கு வந்தீர்கள். வந்த இரண்டாம் மாதம் உரக்கச் சொல்வதை நிறுத்தி, துண்டுத்தாளில் எழுதி மடித்து அனுப்பத் தொடங்கினீர்கள். தொண்டை சரியில்லை போலும் என்று நினைத்தோம். அதன்பின், புகாருக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் 'பழுது, பயன்படுத்த வேண்டாம்' என்ற அட்டை இயந்திரத்தின் கழுத்தில் தொங்கத் தொடங்கியது.

முதல் ஆறு முறை பூதக்கண்ணாடி மெக்கானிக்கை வரவழைத்தார். ஆறு முறையும் எடைக்கற்களை வைத்துப் பார்த்து அவர் ஒன்றையே சொன்னார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

நீங்களும் ஆறு முறையும் ஒன்றையே சொன்னீர்கள்.

"இப்ப சரியாயிடுச்சு சார். அதுக்கு மனசு வந்தா வேலை செய்யும்."

ஏழாம் முறை மெக்கானிக் வர மறுத்துவிட்டார். பூதக்கண்ணாடிக்கு அன்றுதான் சந்தேகம் வேர் விட்டது. வேலைக்குச் சோம்பலோ என்று முதலில் நினைத்தார். சோம்பேறி ஏன் பழுது நீங்கிய பிறகு கூடுதலாக அரை மணி உட்கார்ந்து விட்டுப்போன எடைகளையெல்லாம் பார்க்கிறார்? வேறு ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரம் காவல் இருந்தார். குடிநீர்க் குழாய்க்கு அருகில் நின்றால் எடை மேசை தெரியும்; சும்மா நிற்க முடியாதே, அதனால் தண்ணீர் குடித்தார். ஒரு காலையில் பதினொரு குவளை குடித்ததாகக் குறித்திருக்கிறார். இடையிடையே அவர் காவலை விட்டு ஓட நேர்ந்த நேரங்களும் புகாரில் நேர்மையாகப் பதிவாகியுள்ளன.

மூன்றாம் வாரம் வெட்ட வெளிச்சமாயிற்று. ஒல்லியானவர் வந்தால், "ஏறுங்க" என்பீர்கள். உடல் பருத்த ஒருவர் வாசலில் தலை காட்டினால் உங்கள் இடக்கை மெல்ல நகர்ந்து அட்டையைத் திருப்பிவிடும். "மெஷின் சரியில்லைங்க, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க," என்பீர்கள். குழந்தைகளுக்கு அது ஒருநாளும் பழுதானதில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கும், எடைக்கேற்ப மருந்தளவு போட வேண்டியவருக்கும் இன்னும் விசித்திரம்: கூடத்தில் செத்துக் கிடந்த இயந்திரம், நீங்கள் அதைத் திரைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனதும் உயிர்த்தெழுந்துவிடும். மற்றவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகையில், "இப்ப பார்த்துடலாமா?" என்று கேட்பீர்கள். சரி என்றால் பார்த்து, சீட்டின் கடைசி வரியில் எழுதுவீர்கள்.

பொறுமைப் பெருமாட்டியே! இவ்வளவையும் பார்த்த அவர் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? உங்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது, அருவருப்பு, கூடத்தில் நிற்க விடாமல் விரட்டுகிறீர்கள் என்று. அதில் அவருக்கு ஐயமே இல்லை. ஏனென்றால் நம் கூடத்தில் வேறு எண்ணத்தோடு அவர்களைப் பார்த்த ஒருவரையும் அவர் அதுவரை கண்டதில்லை. தம்மையும் சேர்த்துத்தான்.

அந்த எண்ணம் அவரைச் சுட்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அவர் மனைவி பருத்த உடல்வாகு கொண்டவர். மூன்று ஆண்டுகளாக இடக்காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். அட்டை தொங்கத் தொடங்குமுன், முதல் ஆண்டிலேயே நம்மிடம் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று சீட்டிலும் முத்திரை. நாலாவது தடவை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார்; பிறகு கடைத்தெருவுக்குப் போவதையும். அந்தக் கால் இனி நேராகாதோ என்ற பயம் பூதக்கண்ணாடியைத் தின்றுகொண்டிருந்தது. பயத்தை அவர் தமக்குத் தெரிந்த விதத்தில் காட்டினார்: வாயைக் கட்டு, நட, வாயைக் கட்டு.

ஆகவே உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் ஒரு பொறி வைத்தார். புத்தம் புதிய எடை இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். ஐந்து ஆண்டு உத்தரவாதம். பழுது என்று சொல்ல வழியே இல்லை. நீங்கள் துண்டுத்தாளில் எழுதி மறைக்கவும் இடமில்லை, ஏனென்றால் அது பேசும். யார் ஏறினாலும் இனிமையான பெண் குரலில் எடையை அறிவிக்கும். ஒரு திங்கட்கிழமை காலை அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். அன்றே மனைவியையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார். இனி யாரையும் யாரும் விரட்ட முடியாது, நீயும் எல்லோரையும் போல மரியாதையோடு முதலில் ஏறலாம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். அவர் அதை மனதாரச் சொன்னார்.

அவர் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"நூற்றுப் பதினோரு கிலோ, நானூறு கிராம்," என்றது குரல். யாரும் தொடாமலே இன்னொரு தடவையும் சொன்னது. புதிய இயந்திரத்தின் சிறப்பம்சம் அது.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று இம்மடலில் எழுத வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தோம். பிறகு எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். நோயாளிகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தது நாங்கள்: மருந்தகத்தில் இருவர், பதிவறையில் ஒருவர், காயம் கட்டும் அறை வாசலில் ஒருவர். பண்டகக் காப்பாளரின் மனைவி அவர் என்று எங்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர எங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அது சமாதானமும் ஆகாது.

அந்த அம்மா இறங்கினார். ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றை மாட்டக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நான் வீட்டுக்குப் போறேன். நீங்க வேலையைப் பாருங்க."

பூதக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி வாசலைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது நீங்கள் இரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டியபடி தலை நிமிராமல் சொன்னது புகாரின் ஒன்பதாம் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, கடைசி வரியாக இருக்கிறது.

"உங்க மெஷின் நல்லா வேலை செய்யுது, ஸ்டோர் சார்."

அதற்குப் பிறகு புகாரில் ஒரு வரியும் சேரவில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்கே அவர் வந்துவிட்டார். எட்டு மணிக்கு நாங்கள் வரும்போது இயந்திரத்துக்குக் குரல் போயிருந்தது. நாற்பத்து நான்காம் பழுதுச் சீட்டு அவர் கையால் எழுதப்பட்டது: 'பேச்சு வரவில்லை. காரணம் தெரியவில்லை.' அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பித் துண்டு எட்டிப் பார்த்ததை நாங்கள் கண்டோம், கேட்கவில்லை.

பிறகு அவர் உங்கள் மேசைக்கு வந்து எதிரே நோயாளி இருக்கையில் உட்கார்ந்தார். நடந்த பேச்சை அவர் எங்களுக்கு அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

"அவங்களைக் காப்பாத்தத்தான் இதெல்லாம் பண்ணீங்களா, சிஸ்டர்?"

"காப்பாத்துறதுக்கு நான் யாரு சார்? எனக்கு டாக்டருங்க மேல சந்தேகம். நம்பரைப் பார்த்துட்டா அவங்களுக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நம்பர் இல்லன்னா வேற வழியில்லாம, என்னம்மா பண்ணுதுன்னு கேட்பாங்க. கேட்கட்டுமேன்னுதான்."

"என் மேலயும் சந்தேகமா?"

"உங்க மேலயும்தான். மருந்து குடுக்குறவங்க மேல, சீட்டு எழுதுறவங்க மேல, எல்லார் மேலயும். முதல்ல என் மேல. இந்த மேசைக்கு வந்த புதுசுல ஒரு அம்மா ஏற வந்தாங்க. மெஷின் தாங்குமான்னு கேட்டேன். சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அந்த அம்மாவும் சிரிச்சாங்க சார். அப்புறம் அவங்க வரவே இல்ல. என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பூதக்கண்ணாடிக்கு அன்று ஒரு கணக்கு மட்டும் புரிந்ததாம்: முத்திரைக்கான மைப்பட்டைச் செலவு அந்த இரண்டு ஆண்டுகளாக ஏன் பாதியாகக் குறைந்தது என்ற கணக்கு. அதற்கும் ஒரு திருட்டுச் சந்தேகம் வைத்திருந்தாராம்.

அவர் மனைவி மறுபடி வர ஒன்பது வாரம் ஆயிற்று. கம்பியை வெட்டிய கதையைச் சொன்னதும் அந்த அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தாராம். "முதல்ல ஏறச் சொன்னா, அப்படியே திரும்பி வந்துடுவேன்," என்று எச்சரித்துவிட்டுத்தான் கிளம்பினார். நீங்கள் அவரை எடை மேசையைத் தாண்டி நேராக இளைய டாக்டரம்மாவின் அறைக்குக் கூட்டிப் போனீர்கள். சீட்டின் முதல் வரி காலியாக இருந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் இல்லாததால் தலையை நிமிர்த்தினார்.

"கால் வலி எப்போ ஆரம்பிச்சதும்மா?"

"மாடிப்படியில விழுந்ததுல இருந்து."

பக்கத்தில் நின்ற பூதக்கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்போ விழுந்தே?"

"மூணு வருஷம் ஆச்சு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

அந்த அம்மா டாக்டரைப் பார்த்தே பதில் சொன்னார். "அன்னைக்கே இங்க வந்து சொல்ல வாயெடுத்தேன், முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா, இவரு பிஸ்கட் டப்பாவுல எதுவரைக்கும் இருக்குன்னு பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்காரு. நான் பார்க்கலன்னு நினைச்சுக்கிட்டு. தினம் சாயங்காலம் வந்து டப்பாவைத் தூக்கிப் பார்ப்பாரு. என் காலை ஒரு நாளும் பார்த்ததில்ல. அப்புறம் யார்கிட்ட சொல்றது?"

எல்லோரையும் சந்தேகித்தவருக்கு, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தவருக்கு, பக்கத்தில் படுத்திருந்தவர் படிக்கட்டில் விழுந்தது மூன்று ஆண்டாகத் தெரியாமல் போயிற்று. அவர் வெளியே வந்து அழுதார். அதை எழுதக் கூடாதென்று அவர் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறோம்.

மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது. தொட்டுப் பார்த்தவுடன் டாக்டரம்மாவுக்கு ஐயம் வந்துவிட்டது. படம் எடுத்ததில் உறுதியாயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த அம்மா இன்று இந்த விழாவுக்கு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். கணவர் பின்னால்தான் மூச்சிரைக்க வந்தார். அந்த அம்மாவின் எடை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். எங்களில் சிலர் இந்த வரியை எடுத்துவிட்டு, அவர் எடையும் குறைந்தது என்று எழுதினால் மடல் நன்றாக முடியுமே என்று ஆலோசனை சொன்னார்கள். அந்த ஆலோசனையைச் சொன்னவர்களும் இம்மடலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

சேவைச் செம்மலே! எடை பார்க்கவே கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எடையால் வரும் நோய்கள் உங்களுக்கு எங்களைவிடத் தெரியும். எடை குறைக்க வழி கேட்டு வந்தவர்களைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, உணவு ஆலோசகரை அங்கேயே வரவழைத்து, ஒரு மணி நேரம் பேச வைத்தவர் நீங்கள். கேட்காதவருக்குச் சொல்லாதீர்கள், கேட்டவருக்குக் கதவைச் சாத்தாதீர்கள் என்பது மட்டுமே உங்கள் வழக்கு. இவ்வளவு எளிய வழக்கை வெல்ல உங்களுக்கு நாற்பத்து மூன்று பொய்ச் சீட்டுகள் தேவைப்பட்டன என்பது எங்கள் பெருமைக்குரிய செய்தி அல்ல.

சென்ற மாதம் பெரிய டாக்டர் ஆணை ஒன்றில் கையெழுத்திட்டார். நோயாளியை முதலில் டாக்டர் பார்க்க வேண்டும்; எடை, தேவையானபோது, நோயாளியின் சம்மதத்தோடு, திரைக்குப் பின்னால்; முத்திரை திரும்பப் பெறப்படுகிறது. இதைத்தான் உங்களுக்கு எங்கள் பிரிவுப் பரிசாக நினைத்துக்கொண்டு, மரச்சட்டத்தில் மாட்டி உங்கள் கையில் கொடுத்தோம். நீங்கள் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தீர்கள். மகிழ்வீர்கள் என்று எதிர்பார்த்தோம்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எத்தனை நாளைக்கு?" என்று கேட்டீர்கள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்ததையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பருத்த உடல் கொண்ட ஓர் இளைஞர் உள்ளே வந்தார். யாரும் எடை கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எங்களில் ஒருவர் அவரைப் பார்த்தார், பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். அவ்வளவுதான். ஆணையில் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. அந்த இளைஞர் உட்காராமல் சுவரோரம் ஐம்பது நிமிடம் நின்றார். நீங்கள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள். நின்றபடியே அவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆகவே, அம்மையே, நீங்கள் நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழ, பிடித்ததை உண்டு, பிடித்த நேரத்தில் உறங்கி, நீடு இனிது வாழ வேண்டுமென உளமார வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். என்றாவது ஒரு காலை, முன்கூட்டிச் சொல்லாமல், சீருடை இல்லாமல், சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் வந்து உட்காருங்கள். எங்கள் வாயைக் கவனிக்க வேண்டாம், அது இனி ஒழுங்காகத்தான் பேசும். கதவைத் திறந்து யார் வந்தாலும் எங்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். மாதம் ஒரு முறை வாருங்கள். எங்களை நம்பிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
என்றும் உங்கள் கண்காணிப்பை நாடும்
வெளிநோயாளர் பிரிவு, மருந்தகம், பதிவறை, காயம் கட்டும் அறை ஊழியர்கள்,
மற்றும், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பின்னரே கையெழுத்திட்ட பண்டகக் காப்பாளர்